அறிந்தவர் என்ன செய்தார்?



"எங்கள் பிள்ளைகளின் கையில் எந்நேரமும் ஆங்கில நாவல்கள். பெரும்பாலும் கொலை, மர்மம், துப்பறிதல் என்பவையே. இவற்றை அனுமதிக்கலாமா?" என்று பெற்றோர் சிலர் நம்மைக் கேட்டுள்ளனர். கல்லூரியில் பயிலும் இளைஞர் சிலரோ, "தந்தையே, இத்தகைய நூல்களை நீங்கள் படிப்பதுண்டா? படித்திருந்தால் உங்கள் கருத்தென்ன?" என்று வினவுகின்றனர். இரு சாராருக்கும் இத்திங்கள் சேர்த்தே விடையளிக்க விழைகிறோம்.

நாம் படிப்பதுண்டு. ஞாயிறு மாலையில் பங்கின் அலுவல்கள் ஓய்ந்தபின் நல்லதொரு மர்ம நாவலைக் கையில் எடுப்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செயலே. அதற்காக நாணவும் இல்லை. 1559-ஆம் ஆண்டு திருத்தந்தை நான்காம் பவுல் காலத்தில் உரோமையில் வெளியான தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல், பல திருத்தங்களோடு நான்கு நூற்றாண்டுகள் நீடித்து, 1966-இல் சட்டப் பிணைப்பை இழந்தது. எதைப் படிப்பது, எதைத் தவிர்ப்பது என்ற பொறுப்பு அன்று முதல் விசுவாசிகளின் மனச்சான்றிடம் ஒப்படைக்கப்பட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலக்கியத்தைப் பற்றியே தனியொரு மடல் வரைந்தார். முதலில் குருக்களின் பயிற்சியை மனத்திற்கொண்டு தொடங்கிய அம்மடலைப் பின்னர் கிறிஸ்தவர் அனைவருக்குமென விரித்தார். இளமையில் அர்ஜென்டினாவின் சாந்தா பே நகரில் இயேசு சபைப் பள்ளியொன்றில் இலக்கியம் கற்பித்தவர் அவர் என்பது பலரும் அறிந்ததே.

துப்பறியும் கதைக்கும் குருக்களுக்கும் பழைய உறவு ஒன்றுண்டு. செஸ்டர்ட்டன் படைத்த பிரவுண் பாதிரியார் 1911-ஆம் ஆண்டின் முதல் தொகுதியிலிருந்தே வாசகர் உள்ளத்தில் குடிகொண்டவர். விவிலியம் முழுவதையும் தனியொருவராய் ஆங்கிலத்தில் பெயர்த்த குரு ரொனால்ட் நாக்ஸ், துப்பறியும் கதைகளும் எழுதினார். அவ்வகைக் கதைக்கென 1929-இல் பத்து விதிகளையும் வகுத்தளித்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே அறிமுகமாகியிருக்க வேண்டும், துப்பறிபவர் கண்ட தடயங்களை வாசகரிடமிருந்து மறைத்தலாகாது, மறைவழி ஒன்றுக்கு மேல் கூடாது என்பன அவற்றுள் சில. வாசகரை ஏமாற்றாதே என்பதே அவ்விதிகளின் சாரம்.

அவ்விதிகள் இன்றும் பயன்படுவனவே. எனினும் அண்மைக் காலத்து நாவல்கள் சிலவற்றைப் படித்தபோது, அவற்றை எடைபோட வேறொரு கேள்வி மேலும் துணைசெய்வதாக நமக்குத் தோன்றிற்று. "குற்றம் செய்தவர் யார்?" என்பது முதற் கேள்வி. அதற்கு விடை கிடைத்ததும் சாதாரண நூல் முடிந்துவிடுகிறது. நல்ல நூலிலோ இரண்டாம் கேள்வி எழுகிறது: "உண்மையை அறிந்தவர் அதன்பின் என்ன செய்தார்?" இந்த இரண்டாம் கேள்வியை எவ்வளவு நேர்மையோடு ஒரு நாவல் எதிர்கொள்கிறதோ, அவ்வளவே அதன் தகுதி என்பது நம் கருத்து. ஐந்து நூல்களை இக்கேள்வியின் முன் நிறுத்திப் பார்ப்போம். முடிவுகளை வெளியிட்டு வாசிப்பவர் இன்பத்தைக் கெடுக்க மாட்டோம் என்று உறுதியளிக்கிறோம்.

*

முதலாவது, பவுலா ஹாக்கின்ஸ் எழுதி 2015-இல் வெளிவந்த 'தி கேர்ள் ஆன் தி டிரெயின்' என்னும் நாவல். உலகெங்கும் பெருந்தொகையாய் விற்பனையாகி, மறு ஆண்டே திரைப்படமாகவும் வந்தது. கதைத்தலைவி ரேச்சல் மதுவுக்கு அடிமைப்பட்டவள். மணவாழ்க்கை முறிந்து, வேலையும் போய்விட்டது. வேலை போன செய்தியை உடன் தங்கியிருக்கும் தோழியிடமிருந்து மறைக்கும்பொருட்டு, ஒவ்வொரு நாளும் வழக்கம்போல் இலண்டனுக்கு இரயிலேறிச் செல்கிறாள். வழியில் இரயில் நிற்குமிடத்தில் ஒரு வீட்டின் தம்பதியரைக் காண்கிறாள். அவர்களை அறியாமலேயே அவர்களுக்குப் பெயர் சூட்டி, இன்பமயமான வாழ்வொன்றையும் கற்பனையில் அமைத்துக் கொடுக்கிறாள். ஒருநாள் அவ்வீட்டுப் பெண் காணாமற் போகிறாள்.

ரேச்சல் ஏதோ கண்டிருக்கிறாள். ஆனால் அன்றிரவு குடித்திருந்தமையால் நினைவு அறுந்து கிடக்கிறது. அவள் சொல்லைக் காவல்துறையினர் நம்பவில்லை. கொடுமை என்னவெனில், அவளே தன்னை நம்பவில்லை. நினைவு அழிந்த இடங்களைப் பிறர் சொல்லிய செய்திகளால் நிரப்பிக்கொண்டே அவள் ஆண்டுகளைக் கழித்திருக்கிறாள். "நீ குடித்துவிட்டு இப்படியெல்லாம் செய்தாய்" என்று ஒருவர் சொன்னால், அதை மறுக்க அவளிடம் என்ன உண்டு? நாவலின் உண்மையான மர்மம் இவ்விடத்தில்தான் இருக்கிறது. மதிப்பிழந்த ஒருவருடைய சாட்சியத்துக்கு என்ன விலை என்பதை ஆசிரியை நம்மைக் கேட்கிறார்.

இந்நூலின் குறையையும் சொல்லவேண்டும். மூன்று பெண்கள் மாறிமாறிப் பேசும் இக்கதையில் மகிழ்ச்சியுள்ள மாந்தர் எவரும் இலர். பிறன்மனை நாடுதலும் வன்முறையும் மிகுந்துள்ளன. மூச்சுவிடாமல் படிக்க முடிகிறது. படித்து முடித்தபின் சாளரத்தைத் திறந்து காற்று வாங்கத் தோன்றுகிறது. ஆயினும் குடிப்பழக்கம் ஒருவரிடமிருந்து பணத்தையும் உடல்நலத்தையும் மட்டுமன்றி, தன் வாழ்வைப் பற்றித் தானே சாட்சி சொல்லும் உரிமையையும் பறிக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாய்க் காட்டிய கதை வேறொன்றை நாம் அண்மையில் படித்ததில்லை. வளர்ந்தோர் மட்டும் படிக்கத்தக்கது.

*

அடுத்தது முற்றிலும் வேறு சுவையுடையது. ஆங்கிலத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ரிச்சர்டு ஆஸ்மன் 2020-இல் எழுதிய முதல் நாவல் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்'. வியாழக்கிழமைதோறும் கூடிக் கொலைவழக்குகளை ஆராயும் முதியோர் நால்வரின் கதை. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், முன்னர் கன்னியர் மடமாயிருந்த இடத்தில் எழுந்த முதியோர் குடியிருப்பு ஒன்றில் அவர்கள் வாழ்கின்றனர். முன்னாள் உளவுத்துறையினரான எலிசபெத், செவிலியாய்ப் பணியாற்றிய ஜாய்ஸ், மனநல மருத்துவர் இப்ராகிம், தொழிற்சங்கத் தலைவர் ரான் ஆகியோரே அந்நால்வர். மடத்துக் கன்னியரின் பழைய கல்லறைத் தோட்டத்தைத் தோண்டிக் கட்டடம் எழுப்ப ஒருவர் முனைகிறார். அதையொட்டிக் கதை விரிகிறது. 2025-இல் இது திரைப்படமாகவும் வந்தது.

இந்நூலை நாம் வாய்விட்டுச் சிரித்துப் படித்தோம். முதியோர் என்றாலே மூலையில் அமர்ந்து மருந்துவேளையை எதிர்நோக்கியிருப்பவர் என்று எண்ணும் உலகில், அவர்களுடைய அறிவும் அனுபவமும் இன்னும் தேவை என்பதை ஆசிரியர் காட்டுகிறார். எலிசபெத்தின் கணவர் ஸ்டீபன் நினைவு மங்கிவரும் நோயால் வருந்துகிறார். அவரை அவர் மனைவி நடத்தும் பாங்கு, நூலின் வேடிக்கைகளுக்கிடையே நம் கண்ணை நனைத்தது. வீட்டில் முதியவர் இருக்கும் குடும்பங்கள் அப்பக்கங்களைப் படிக்கவேண்டும்.

ஆனால் நம் இரண்டாம் கேள்வியின்முன் இந்நூல் சற்றுத் தடுமாறுகிறது. கொலைகள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. இறந்தவருக்காக அழுபவர் குறைவு. தேநீரும் பணியாரமும் மிகுதி. உண்மையைக் கண்டறிந்தபின், அதை முழுமையாய்ச் சட்டத்திடம் ஒப்படைக்காமல் சிலவற்றைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார் எலிசபெத். அறிவாளியும் நல்லவருமான ஒருவர் தாமே தீர்ப்பும் வழங்கலாம் என்று கதை நம்மை இணங்கச் செய்கிறது. நால்வரிடமும் நமக்கிருக்கும் அன்பினால் நாமும் இணங்கிவிடுகிறோம். புத்தகத்தை மூடி வைத்தபின்னரே, "இது சரியா?" என்று உறுத்துகிறது. உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு பெற்றோரும் படித்து, இக்கேள்வியை உணவு வேளையில் விவாதித்தால் நூலின் பயன் இரட்டிப்பாகும்.

*

மூன்றாவது நூலைப் பற்றித்தான் நமக்கு மிகுதியான கேள்விகள் வந்துள்ளன. ராபர்ட் ஹாரிஸ் 2016-இல் எழுதிய 'கான்கிளேவ்' என்னும் நாவல், 2024-இல் திரைப்படமாகி, 2025-இல் சிறந்த தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கார் விருதும் பெற்றது. அதே 2025-இல் ஏப்ரல் 21-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார். மே 7-ஆம் நாள் சிஸ்டைன் சிற்றாலயத்தினுள் சென்ற 133 கர்தினால்கள் மறுநாள் மாலையே திருத்தந்தை பதினான்காம் லியோவைத் தேர்ந்தெடுத்தனர். அந்நாட்களில் இப்படத்தையும் நாவலையும் பற்றிப் பேசாதார் இல்லை.

நாவலில் 118 கர்தினால்கள் கூடுகின்றனர். கர்தினால் குழுவின் முதல்வரான லொமேலி தேர்தலை நடத்தும் பொறுப்பிலுள்ளவர். செபிக்க இயலாமல் உள்ளம் வறண்டிருக்கும் முதியவர் அவர். தேர்ந்தெடுக்கப்படக் கூடியவராய்த் தோன்றும் ஒவ்வொருவரைப் பற்றியும் ஏதேனும் ஓர் உண்மை அவர் செவிக்கு எட்டுகிறது. சொன்னால் ஒருவருடைய பெயர் அழியும். சொல்லாவிடில் தகுதியற்றவர் பேதுருவின் இருக்கையில் அமரக்கூடும். நம் இரண்டாம் கேள்வி இந்நூலில் பக்கத்துக்குப் பக்கம் எழுகிறது. லொமேலியின் பெருமை யாதெனில், அவர் பிறரைச் சந்தேகிப்பதோடு நில்லாமல் தம்மையும் சந்தேகிக்கிறார். "இவ்வுண்மையை நான் வெளியிடுவது திருச்சபையின் நன்மைக்காகவா, அன்றி அவ்விருக்கையின் மீது எனக்கும் ஆசையுண்டா?" என்று அவர் தம் மனச்சான்றைச் சோதிக்கும் இடங்கள், எந்தத் தியான நூலிலும் இடம்பெறத் தக்கவை. ஊர்க்கூட்டத்திலும் சங்கத் தேர்தலிலும் எதிரியின் குறையை எடுத்துரைக்கும் எவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

திருச்சபையை இழிவுபடுத்தும் நூல் என்று சிலர் இதனைச் சாடினர். நாம் அவ்வாறு கருதவில்லை. கர்தினால்களும் மனிதரே, ஆசையும் அச்சமும் அவர்களுக்கும் உண்டு. பன்னிரு திருத்தூதர்களும் தம்முள் யார் பெரியவர் என்று வாதிட்டதை நற்செய்தியாளர்கள் மறைக்கவில்லையே!

எனினும் குறை இரண்டு கூறுவோம். மறைந்த திருத்தந்தை தம் நெஞ்சுக்குள் இரகசியமாய் நியமித்த கர்தினால் ஒருவர் திடீரென வந்து சேர்ந்து வாக்களிக்கிறார் என்பது கதை. கதைக்கு இது சுவையூட்டலாம், சட்டத்துக்கு ஒவ்வாது. திருச்சபைச் சட்டத்தின் 351-ஆம் பிரிவின்படி, அவ்வாறு நியமிக்கப்பட்டவருடைய பெயரைத் திருத்தந்தை வெளியிடும் வரை அவருக்குக் கர்தினாலுக்குரிய கடமையும் இல்லை, உரிமையும் இல்லை. இரண்டாவது, முடிவு. கடைசிச் சில பக்கங்களில் ஆசிரியர் வைக்கும் திருப்பம், அதுவரை மெல்ல வளர்ந்த மனச்சான்றின் போராட்டத்தை ஒதுக்கிவிட்டு, மாயவித்தைக்காரர் தொப்பியிலிருந்து புறாவை எடுப்பதைப்போல் நம்மைத் திகைக்கவைக்கிறது. திகைப்பு வேறு, நிறைவு வேறு. குரு நாக்ஸ் இருந்திருப்பின் புருவத்தை உயர்த்தியிருப்பார் என்றே எண்ணுகிறோம்.

*

நான்காவது நூல் மர்மக் கதை என்னும் பெயரில் வரவில்லை. ஆயினும் அதன் நடுவே மர்மமொன்று இருக்கிறது. கேரளப் பெற்றோருக்கு எத்தியோப்பியாவில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் பேராசிரியராய் விளங்கும் மருத்துவர் ஆபிரகாம் வர்கீஸ் 2023-இல் வெளியிட்ட 'தி காவனன்ட் ஆப் வாட்டர்' என்னும் பெருநாவலே அது. 'நீரின் உடன்படிக்கை' எனலாம். 1900 முதல் 1977 வரை, திருவிதாங்கூர்ப் பகுதியில் வாழும் தோமா கிறிஸ்தவக் குடும்பமொன்றின் மூன்று தலைமுறைக் கதை. பழைய சென்னை நகரும் அதன் மருத்துவமனைகளும் கதையில் விரிவாய் இடம்பெறுகின்றன.

பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, நாற்பது வயதான, மனைவியை இழந்த ஒருவருக்கு மணமுடிக்கப்படுகிறாள். படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது. அக்குடும்பத்தில் தலைமுறைதோறும் ஒருவரேனும் நீரில் மூழ்கி இறக்கின்றனர். ஆறும் காயலும் சூழ்ந்த நாட்டில் அவ்வீட்டார் நீரைக் கண்டு அஞ்சுகின்றனர். இதனை மணம் பேசியபோது அச்சிறுமிக்கு யாரும் சொல்லவில்லை. அவள் தன் மகனைப்போல் வளர்த்த சிறுவனையும் நீர் கொண்டுபோகிறது. அதன்பின்னரே, மாண்டோர் பெயர்கள் குறிக்கப்பட்ட குடும்ப மரத்தை அவள் காண்கிறாள். அக்கேட்டின் காரணத்தை அறியவல்ல ஒருவரை அனுப்புமாறு அவள் இறைவனை மன்றாடுகிறாள். அம்மன்றாட்டுக்கு விடை கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. எவ்வாறு கிடைத்தது என்பதை நூலிலேயே காண்க.

இங்கே நம் கேள்வி நம் வீட்டு முற்றத்துக்கே வந்துவிடுகிறது. பெண் பார்க்கும்போதும் மாப்பிள்ளை பார்க்கும்போதும் குடும்பத்தில் உள்ள நோயை மறைப்பது எத்தனை வீடுகளில் வழக்கமாயிருக்கிறது! "சொன்னால் சம்பந்தம் தட்டிப்போகும்" என்பதே காரணம். வலிப்பு, மனநோய், பரம்பரையாய் வரும் குறைகள் ஆகியவை மணவறை ஏறியபின் தெரியவரும்போது ஏற்படும் கண்ணீரைக் கண்டிராத பங்குக் குரு இரார். வர்கீஸின் நாவலில் ஒரு மருத்துவரின் அறிவும் ஒரு மகனின் அன்பும் சேர்ந்து இதனைச் சொல்கின்றன: மறைக்கப்பட்ட நோய் சாபமாகிறது, பெயரிட்டு அழைக்கப்பட்ட நோய்க்கோ மருத்துவம் தேடலாம்.

நூல் ஏறத்தாழ எழுநூறு பக்கம். நடுவே சில கிளைக்கதைகள் நீண்டுவிடுகின்றன. ஒரே குடும்பத்தின் மீது இத்தனை துயரங்களை ஏற்றவேண்டுமா என்று சிற்சில இடங்களில் நமக்குத் தோன்றியது. ஆயினும் தொழுநோயாளர் இல்லத்தைப் பற்றிய பக்கங்களும், முதுமையில் 'பெரிய அம்மச்சி' என அழைக்கப்படும் அச்சிறுமியின் பண்பும் நீளத்தை மறக்கச் செய்கின்றன. கோடை விடுமுறையில் படிக்க ஏற்றது.

*

இறுதியாக நாம் எடுத்துக்கொண்டது இவ்வைந்தினும் சிறியது. நூற்றிருபது பக்கங்களுக்கும் உட்பட்டது. அயர்லாந்து எழுத்தாளர் கிளேர் கீகன் 2021-இல் வெளியிட்ட 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்'. 'இவைபோன்ற சிறு காரியங்கள்' என்று பெயர்க்கலாம். 2022-இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டில் ஆர்வெல் பரிசையும் வென்றது.

1985-ஆம் ஆண்டு, திருவருகைக் காலம். நியூ ராஸ் என்னும் ஊரில் கரியும் விறகும் விற்கும் வணிகர் பில் பர்லாங். ஐந்து பெண்மக்களின் தந்தை. ஊரில் வேலையின்மையும் வறுமையும் மிகுந்துள்ளன. கடுமையான உழைப்பினால் அவர் குடும்பம் தலைநிமிர்ந்து வாழ்கிறது. குன்றின்மேல் உள்ள கன்னியர் மடத்துக்குக் கரி கொண்டுசெல்லும் அவர், ஒருநாள் விடியலில் அங்குள்ள கரிக் கொட்டகையினுள் இளம்பெண் ஒருத்தி பூட்டி வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறார். அவள் குழந்தை அவளிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்டிருக்கிறது. மடத்துத் தலைவி அவரை அமரச்செய்து தேநீர் அளிக்கிறார். கிறிஸ்துமஸ் அன்பளிப்பென்று உறையில் பணமும் தருகிறார். அவர் வீடு திரும்புகிறார். மனைவியோ, சிலவற்றைக் காணாததுபோல் இருந்தால்தான் குடும்பம் நடத்த முடியும் என்கிறார். ஊரில் உணவகம் நடத்தும் பெண்மணி, மகள்கள் படிக்கும் பள்ளியும் அதே கன்னியரின் கையில்தான் என்று நினைவூட்டுகிறார். இருவரும் கெட்டவர் அல்லர். நல்லவர்களே அவ்வாறு பேசுகின்றனர். இதில்தான் நூலின் வலிமை இருக்கிறது.

பர்லாங் தாமே மணமாகாத தாய்க்குப் பிறந்தவர். அவர் தாய் வேலைசெய்த வீட்டின் உரிமையாளரான விதவை, சீர்திருத்த சபையைச் சேர்ந்த அம்மையார், தாயையும் சேயையும் வெளியே தள்ளாமல் வைத்துக் காத்தார். அந்த ஒரு பெண்மணியின் இரக்கம் இல்லாதிருப்பின் தம் தாயும் அக்கரிக் கொட்டகையில் கிடந்திருப்பாளே என்ற எண்ணம் அவரை உறங்கவிடவில்லை.

இங்கே கொலை இல்லை, துப்பறிபவர் இல்லை, குற்றம் யாருடையது என்பதும் ஊரறிந்தது. எனினும் நாம் படித்த ஐந்தனுள் நெஞ்சை மிகவும் படபடக்க வைத்தது இதுவே. காரணம், இதில் இரண்டாம் கேள்வி ஒன்றே இருக்கிறது. அறிந்துவிட்டார், என்ன செய்வார்?

"தந்தையே, கன்னியரை இழித்துரைக்கும் இந்நூலை நம் குடும்ப இதழில் புகழலாமா?" என்று கேட்பவர் இருப்பர். நேரே விடை கூறுவோம். கதை கற்பனை, ஆனால் அதன் அடித்தளம் வரலாறு. அயர்லாந்தில் துறவியர் நடத்திய மகதலா சலவையகங்கள் என்னும் இல்லங்களில் பெண்கள் ஊதியமின்றி உழைத்தனர். பலர் வெளியேற வழியின்றி அடைபட்டிருந்தனர். கடைசி இல்லம் மூடப்பட்டது 1996-இல்தான். 1922 முதல் ஏறத்தாழ பத்தாயிரம் பெண்கள் அவற்றுள் இருந்ததாக 2013-இல் வெளியான அரசுக் குழுவின் அறிக்கை கூறிற்று. அரசுத் துறைகளே பலரை அங்கு அனுப்பியதையும் அது உறுதிசெய்தது. அதே ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் அந்நாட்டுப் பிரதமர் என்டா கென்னி நாடாளுமன்றத்தில் அப்பெண்களிடம் மன்னிப்புக் கோரினார். அங்கு சேர்த்தவருள் பெற்றோரும் உறவினரும் உண்டு; பங்குக் குருக்களும் உண்டு. திருச்சபையின் பெயருக்கு இழுக்குத் தேடியது அச்செயலே. அதை எழுதியவர் அல்லர். நம் நாட்டில் அனாதைகளுக்கும் நோயாளருக்கும் தம் வாழ்வையே ஈந்த அருட்சகோதரிகளை நாம் நன்கு அறிவோம். அவர்கள்மீது நமக்குள்ள மதிப்பு இதனால் இம்மியும் குறையாது. உண்மையைக் கேட்க அஞ்சும் மதிப்பு, மதிப்பே அன்று.

கீகன் விசுவாசத்தை ஏளனம் செய்யவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். பர்லாங் தவறாது திருப்பலிக்குச் செல்பவர். அங்கே மண்டியிடும் மக்கள் அனைவரும் குன்றின்மேல் நடப்பதை ஓரளவு அறிந்தவர்கள். அறிந்தும் பேசவில்லை. ஓர் ஊர் முழுவதும் சேர்ந்து காத்த மௌனத்தை ஒருவர் எவ்வாறு சுமக்கிறார் என்பதே கதை. அவர் என்ன முடிவெடுத்தார் என்பதை நாம் சொல்லப்போவதில்லை. வேறு நாவல்கள் தொடங்கக்கூடிய இடத்தில் இந்நாவல் முடிகிறது என்று மட்டும் சொல்வோம்.

*

இனிப் பெற்றோரின் கேள்விக்கு வருவோம். அனுமதிக்கலாமா? பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இவ்வைந்தில் எதுவும் ஏற்றதன்று. பதினாறு வயது நிறைந்தோர் ஆஸ்மனின் நூலையும் கீகனின் நூலையும் தாராளமாய்ப் படிக்கலாம். 'கான்கிளேவ்' நாவலைக் கல்லூரி மாணவர் படிக்கட்டும். ஐயம் எழுந்தால் பங்குத்தந்தையிடம் வந்து கேட்கட்டும். வர்கீஸின் நூலும் ஹாக்கின்ஸின் நூலும் வளர்ந்தோர்க்குரியவை. எந்நூலையும் பிடுங்கி மறைத்து வைப்பதால் பயனில்லை. கைப்பேசியிலேயே நூல் முழுவதும் கிடைக்கும் காலம் இது. பிள்ளை படிப்பதைத் தாமும் படித்து, "நீயாயிருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேட்கும் தாய் தந்தையரே இன்று வேண்டும்.

ஏனெனில் அக்கேள்வி கதையோடு முடிவதன்று. அடுத்த வீட்டில் இரவுதோறும் ஒரு பெண் அடிபடும் ஓசை நமக்குக் கேட்கிறது. தெருக்கோடிக் கடையில் பள்ளிக்குச் செல்லவேண்டிய சிறுவன் எச்சில் தட்டு கழுவுவதைக் காண்கிறோம். வயது முதிர்ந்த தாயின் கைந்நாட்டைப் பெற்று நிலத்தை மாற்றிக்கொண்ட மகனை ஊரே அறியும். இவற்றைக் கண்டுபிடிக்கத் துப்பறிபவர் எவரும் தேவையில்லை. "நமக்கேன் வம்பு" என்னும் மூன்று சொற்களே, எத்தனை கரிக் கொட்டகைகளைப் பூட்டி வைத்திருக்கின்றன!

அத்தகைய இடத்தில் எவ்வாறு பேசுவது, யாரிடம் சொல்வது, யாரைத் துணைக்கு அழைப்பது என்பவற்றில் முன்மதி வேண்டும். அடிபடும் பெண்ணுக்கு 181 என்னும் மகளிர் உதவி எண்ணும், துன்புறும் குழந்தைக்கு 1098 என்னும் எண்ணும் உள்ளன. பங்கு இல்லத்தின் கதவும் உண்டு. அது இரவிலும் திறக்கும். வாசகர்கள் இவ்வைந்து நூல்களுள் ஒன்றையேனும் படித்துத் தம் கருத்தை எழுதினால் மகிழ்வோம். நம்மோடு உடன்படாதவர் கடிதங்களை முதலில் படிப்போம்.